பிணவறை வாசலில் கொடுக்கும் பணம் இழப்பீடு ஆகாது

கட்டட வேலையில் ஒருவர் விழுந்து இறந்ததும், பிணவறை வாசலிலேயே இரண்டு மூன்று லட்சத்தைக் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து வாங்கிவிடுவது பழகிப்போன தந்திரம். 2025 நவம்பர் 21க்கு முந்தைய மரணங்களுக்குப் பொருந்தும் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் அது எடுபடாது. மரணத்துக்கான தொகையை முதலாளி, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அரசு அதிகாரியான ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் (பிரிவு 8). நேரடியாகக் கொடுத்ததில் மூன்று மாதக் கூலி வரை மட்டும் முன்பணமாகக் கழியும். கையெழுத்திட்ட பத்திரம் பிரிவு 17இன்படி செல்லாது.

கணக்கு எளிது: மாதக் கூலியில் பாதியை, சட்டத்தின் அட்டவணையில் வயதுக்குரிய காரணியாகக் கொடுத்துள்ள எண்ணால் பெருக்க வேண்டும். கூலி எவ்வளவு இருந்தாலும், 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 40 வயதுக்குக் காரணி 184.17, ஆக 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். அந்த மூன்று லட்சம் எங்கே, இது எங்கே! தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. அந்த அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது, முதலாளி கைக்காசிலிருந்துதான் போகும்.

"குடித்திருந்தார், ஹெல்மெட் போடவில்லை" என்று சொல்லிப் பார்ப்பார்கள். காயத்துக்கு அந்த வாதம் உதவலாம், மரணத்துக்கு உதவாது. "அவர் மேஸ்திரி கூட்டிவந்த ஆள்" என்பதும் அப்படியே: ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும் பிரதான முதலாளியிடம் கேட்கலாம் (பிரிவு 12). மாரடைப்பு மட்டும் சிக்கலானது. வேலைப்பளுவுக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பை நிறுவ வேண்டும். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று குடும்பமே எழுதிக்கொடுத்தால் வழக்கு அங்கேயே பாதி போய்விடும்.

வாரிசுச் சான்றிதழில் பெயர் இருப்பவர்கள் எல்லாருக்கும் பங்கு கிடைக்காது. மனைவி, மைனர் மகன், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் இயல்பாகவே சார்ந்திருப்போர். சம்பாதிக்கும் வயதுவந்த மகன் அதில் இல்லை. தந்தை, மகனின் வருமானத்தை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை ஆணையரே பிரிப்பார்.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வயதுச் சான்று, கூலிக்கான ஆதாரம் ஆகியவற்றோடு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கூலிச் சீட்டு இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, வருகைப் பதிவேடு, உடன் வேலைசெய்தவரின் சாட்சியம் கைகொடுக்கும்.

இறந்தவருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்ததா என்று முதலிலேயே பாருங்கள். இருந்தால் இந்த வழி அடைபடும். அங்கே சார்ந்தோருக்கு மாதாந்திர உதவித்தொகை கேட்க வேண்டும். மேலே சொன்னதெல்லாம் பழைய சட்டத்தின்படி. 2025 நவம்பர் 21 அல்லது அதற்குப் பிந்தைய மரணமென்றால், அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் பிரிவுகளைப் பார்த்து மனு எழுதுங்கள்.