நடவு மாதமும் அம்மாவின் சேற்றுப்புண்ணும்

செப்டம்பர் 24

அம்மாவுக்குச் சேற்றுப்புண் இன்னும் ஆறவில்லை. வருஷா வருஷம் நடவோடு வரும், வயல் காய்ந்ததும் போய்விடும், அதனால் எங்கள் தெருவில் இதை யாரும் ஒரு நோயாகவே நினைப்பதில்லை. இந்தத் தடவை குறுவை நடவில் ஆரம்பித்தது, சம்பா நடவே வந்துவிட்டது, புண் அப்படியேதான் இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் ஊறின அவல் மாதிரி வெளுத்து உரிகிறது, உள்ளே சிவந்து வெடித்திருக்கிறது, ஒரு வாடையும் அடிக்கிறது. ராத்திரி அரிப்பில் தூங்குவதே இல்லை. மருதாணி அரைத்து வைத்துப் பார்த்தாச்சு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டாச்சு.

செப்டம்பர் 29

அம்மா இவ்வளவு நாள் தடவிய ட்யூபை இன்றைக்குத்தான் வாங்கிப் படித்தேன். மெடிக்கலில் காலைக்கூடப் பார்க்காமல் கொடுத்தது. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையில் ஒன்று அது. போட்ட மறுநாளே அரிப்பு அடங்குகிறது என்று அம்மா சந்தோஷமாகச் சொல்வாள். அடங்காமல் என்ன செய்யும், எரிச்சலையும் சிவப்பையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடுகிறது, ஆனால் பூஞ்சையை எதிர்க்கிற தோலின் சக்தியையும் சேர்த்தே அமுக்குகிறது. மேலே ஆறின மாதிரி இருக்கும், அடியில் பரவிக்கொண்டே இருக்கும். பாதத்தின் ஓரம் வரைக்கும் படை ஏறியிருக்கிறது, முன்னெல்லாம் இப்படி ஏறியதே இல்லை.

அக்டோபர் 6

திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தோல் டாக்டரம்மா விரலிடுக்கில் லேசாகச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார். தோல் செல்கள் கரைந்துபோய்ப் பூஞ்சை இழைகள் மட்டும் நிற்குமாம். இழைகள் தெரிந்தன. சர்க்கரைக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்க் காலே வீங்கிச் சிவந்துவிடும், அதை விளையாட்டாக விடக்கூடாது என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. அந்த ரிசல்ட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

டெர்பினாஃபைன் மாத்திரையும் ஒரு க்ரீமும் எழுதிக் கொடுத்தார். வெறும் பூஞ்சை மருந்து, வேறு கலப்பு இல்லை. புண்ணில் மட்டும் தடவாமல் அதைச் சுற்றி இரண்டு விரற்கடை நல்ல தோலிலும் தடவ வேண்டும், உள்ளேயிருந்து வெளியே தடவாமல் வெளியிலிருந்து உள்ளே தடவ வேண்டும். முக்கியமாக, ஆறிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது.

அம்மா மருதாணியைப் பற்றிக் கேட்டாள். "காஞ்ச தோல்ல வச்சுக்குங்க, வெடிச்ச இடத்துல வேண்டாம்மா" என்றார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

அக்டோபர் 11

பழைய ட்யூபை நிறுத்தினதும் அரிப்பு முன்னைவிட அதிகமாகிவிட்டது, நேற்று ராத்திரி அம்மா அழுதே விட்டாள். ஸ்டீராய்டை விட்டால் கொஞ்ச நாள் இப்படிக் கிளம்பும் என்று டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தார், அதனால் தாக்குப்பிடித்தோம். சொல்லாமல் இருந்திருந்தால் யாராக இருந்தாலும் அந்த ட்யூபைத்தான் தேடுவார்கள். ஜனங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

க்ளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மத்திய அரசு ஷெட்யூல் ஹெச் என்கிற மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அர்த்தம். எங்கள் பக்கத்துக் கடையில் பிஸ்கட் மாதிரி எடுத்து நீட்டுகிறார்கள். கூலியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணுக்குக் கிடைக்கிற ஒரே வைத்தியம் அந்தக் கவுண்ட்டர்தான், அங்கே இப்படி நடந்தால் வயிறு எரிகிறது.

அக்டோபர் 18

மழை. மாத்திரை சாப்பிடுவது சுலபம், காலைக் காய வைப்பதுதான் பெரும்பாடு. நடவு என்றால் முழங்கால் வரை சேறு, குனிந்தபடி பின்னாலேயே நகர்ந்துகொண்டு போக வேண்டும். ஊரில் ஒருத்தர் கம்பூட்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார், நடவு வயலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வரிசை நட்டுக் காட்டட்டும். சேறு பூட்ஸை உள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும்.

டாக்டரம்மா இதைப் புரிந்துதான் பேசினார். "சேத்துல இறங்காதீங்கன்னா உங்களால முடியாது, ஏறினதும் என்ன செய்யணும்னு சொல்றேன்" என்றார். அதன்படி இப்போது வரப்பிலேயே ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்திருக்கிறோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஏறும்போது கழுவி, பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி எடுத்து, காலை நீட்டிக் காற்றாட உட்காருகிறாள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகுதான் க்ரீம். கால் துடைக்கும் துணி தனி, அதை வெந்நீரில் அலசி வெயிலில் போடுகிறேன். வெயில் இல்லாத நாளில் அடுப்படிக் கொடியில்.

அக்டோபர் 30

நல்ல மாற்றம். வெடிப்பு மூடிவிட்டது, வாடை இல்லை, பாதத்தின் ஓரத்துப் படை மங்கிக்கொண்டு வருகிறது. அம்மா ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள். "அதான் ஆறிப்போச்சே, எதுக்கு இன்னும் மருந்து" என்று இன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். விடவில்லை. காலைப் பிடித்து நானே தடவிவிடுகிறேன்.

நவம்பர் 8

அம்மாவோடு நடவுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருத்தராக வந்து காலைக் காட்டுகிறார்கள். பெரியம்மாவுக்குக் கட்டைவிரல் நகமும் மஞ்சளாகித் தடித்துப் பொடிப்பொடியாக உதிர்கிறது. நகத்துக்குள் பூஞ்சை இறங்கிவிட்டால் மாசக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும், அங்கிருந்தே மறுபடி விரலிடுக்குக்கும் வரும். அந்த வீட்டிலும் அதே ட்யூப்தான் இருக்கிறது, அதே கடை. தாளடி நடவு நடக்கிறது, ஒரு நாள் கூலியை விட மனசில்லை என்கிறாள். திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அம்மாவும் கூட வருவதாகச் சொன்னாள்.