டக் டக் சத்தமும் நாலு பாட்டிலும்

ஜூன் 3, செவ்வாய்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி பிடிக்கவில்லை. செல்ஃப் எட்டு பத்து நொடி சுற்றிய பிறகுதான் பிடித்தது, பிடித்ததும் போனட்டுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக் டக் டக். டீசல் பிக்கப் என்றால் சத்தம் இருக்கும்தான், ஆனால் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவனுக்கு இது நம்ம வண்டிச் சத்தம் இல்லை என்று தெரியாதா. பழனி தாண்டிச் சூடேறியதும் கொஞ்சம் அடங்கியது. மேடு ஏறும்போது மட்டும் கண்ணாடியில் கறும்புகை. பாலக்காட்டில் லோடு இறக்கிவிட்டு, திரும்பும்போது பாட்டுகூடப் போடாமல் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஜூன் 4, புதன்

டீக்கடை வாசலில் வண்டியை ஐடிலில் விட்டதுதான் தப்பு. ஆளுக்கு ஒரு தீர்ப்பு. டேப்பட் என்றார் ஒருத்தர், "ராடு பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கிடு" என்றார் இன்னொருத்தர். பக்கத்துப் பட்டறையில் இரண்டு நிமிஷம் காது கொடுத்துவிட்டு அவர்களும் அதையே சொன்னார்கள், செலவு எண்பதாயிரம் ஆகுமாம். ஆயில் குச்சியைக்கூட உருவிப் பார்க்கவில்லை.

ராத்திரி வீட்டில் நானே உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நிற்கிறது, நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. விரலில் தேய்த்தால் தண்ணியாக ஓடுகிறது, மோந்து பார்த்தால் டீசல் வாடை. பழைய மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "இனி ஒரு கிலோமீட்டர் ஓட்டாத தம்பி, டீசல் கலந்த ஆயில்ல ஓட்டினா இல்லாத பேரிங் வேலையை நீயே வரவழைச்சிருவ. கட்டி இழுத்துட்டு வா" என்றார்.

ஜூன் 5, வியாழன்

அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காது எலும்பில் வைத்து ஒவ்வோர் இடமாகக் கேட்டார். எனக்கும் கொடுத்தார். மேலே, சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் மூன்றாவது இன்ஜெக்டர் பக்கத்தில் மண்டைக்குள்ளேயே அடிக்கிறது, கீழே, பேரிங் இருக்கும் ஆயில் சேம்பர் பக்கம் மந்தமாகத்தான் இருக்கிறது.

லாரி ஓட்டிய பெரியவர் ஒருத்தர் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். "ஓடும்போதே டீசல் பைப் நட்டை ஒண்ணொண்ணா லூஸ் பண்ணு, எந்த சிலிண்டர்னு தெரிஞ்சிரும்" என்றார். அவர் காலத்து இன்ஜினுக்கு அது சரியான வழிதான். இது காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்கிற ஒரே குழாயிலிருந்து டீசல் போகும், ஆக்சிலேட்டரை மிதித்தால் 1600 பார் வரைக்கும் அழுத்தம் ஏறும், அந்தப் பைப்பில் பீச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்கவேண்டி வரலாம். அண்ணன் வண்டியை ஆஃப் செய்து, ஒரு இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். அப்படியே ஒவ்வொன்றாக. ஒன்று, இரண்டு, நாலு, எதைக் கழற்றினாலும் வண்டி குலுங்குகிறது, சத்தம் மட்டும் போகவில்லை. மூன்றைக் கழற்றியதும் டக் டக் நின்றுவிட்டது.

"அப்ப இன்ஜெக்டர்தானே அண்ணே?"

"அவசரப்படாத. அந்த சிலிண்டர்ல வெடி இல்லேன்னா பேரிங் சத்தமும்தான் அடங்கும். ஆனா பேரிங்னா சூடேறி ஆயில் இளகினதும் சத்தம் கூடணும், உனக்குக் குறையுதுங்கற. பார்ப்போம்."

ஜூன் 6, வெள்ளி

இன்றைக்குப் பார்த்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாலு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் வாயில் சலைன் டியூப் மாட்டி, நாலு காலி வாட்டர் பாட்டிலில் விட்டார். ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடியது. மூன்று பாட்டிலில் அடியில் ஒரு விரல் உயரம், மூன்றாவது இன்ஜெக்டரின் பாட்டிலில் பாதிக்கு மேல்! உள்ளே வால்வு தேய்ந்து டீசல் ரிட்டர்னில் ஓடிவிடுவதால் ரெயிலில் அழுத்தம் ஏறுவதில்லை. அன்றைக்கு மார்க்கெட்டில் செல்ஃப் அவ்வளவு நேரம் சுற்றியது அதனால்தான்.

ஆயிலை இறக்கி, ஃபில்டரை அறுத்து, உள்ளே இருந்த பேப்பரை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கரி இருந்தது, பேரிங் தேய்ந்திருந்தால் மின்னும் தூள் ஒரு துளிகூட இல்லை. எண்பதாயிரம் சொன்ன பட்டறையை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 7, சனி

மூன்றாவது இன்ஜெக்டர் அசையவில்லை. செம்பு வாஷர் வழியாகப் புகை கசிந்து, சுற்றிலும் தார் மாதிரிக் கரி இறுகிப்போயிருக்கிறது. துரு எடுக்கும் எண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, திருகித் திருகி, மதியத்துக்கு மேல்தான் வந்தது. பம்ப், நாசில் பார்க்கும் கடையில் டெஸ்ட் பெஞ்சில் மாட்டினார்கள். பனி மாதிரி தெறிக்கவேண்டிய டீசல் நாசில் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிகிறது. வடிந்தது சிலிண்டரில் தேங்கி ஒரேயடியாகப் பற்றும்போதுதான் அந்தச் சுத்தியல் அடி, பற்றாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. மற்ற மூன்றும் பரவாயில்லை. ரிப்பேர் செலவையும் விலையையும் கணக்குப் போட்டு, புதிதே வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

வாஷர் உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைக்கவே ஒரு மணி நேரம். புது இன்ஜெக்டர், புது வாஷர், புது ஆயில், புது ஃபில்டர். அரைச் சுற்றில் பிடித்தது, சுத்தியல் இல்லை. ஆனாலும் ஐடிலில் லேசான விக்கல். என் முகம் தொங்கியதைப் பார்த்து அண்ணன் சிரித்தார், புது இன்ஜெக்டர் தலையில் இருக்கும் கோட் நம்பர் இன்னும் ஈசியூவில், அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டரில், ஏறவில்லையாம். ஸ்கேனர் தம்பி நாளைக்குத்தான் வருவான்.

ஜூன் 10, செவ்வாய்

கோட் நம்பர் ஏற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. விக்கல் போயிற்று. ஆயில் பிரஷர் சுவிட்ச் இடத்தில் கேஜ் மாட்டி, நன்றாகச் சூடான பிறகும் பார்த்தார், முள் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே இறங்கவில்லை. மொத்தச் செலவு இருபத்திரண்டாயிரம், ஒரு வாரம் வண்டி நின்றது தனி.

ஜூன் 17, செவ்வாய்

பாலக்காட்டுக்கு நாலு நடை ஆயிற்று, தக்காளியும் முருங்கையும். காலையில் குச்சியை உருவினேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது, டீசல் வாடை இல்லை. டீக்கடைக்காரர் "பேரிங் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார், பாட்டில் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அவருக்கு வடை கருகிவிட்டது.