பழைய ஸ்காட்ஸ் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்காட்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் வழங்கும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய மொழி. அதன் பழைய எழுத்துப் பாடம் எதை எடுத்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1700-க்கு முந்தியதென்றால் பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட பழைய ஸ்காட்டிஷ் மொழி அகராதி. பிந்தியதென்றால் பத்துத் தொகுதி ஸ்காட்டிஷ் தேசிய அகராதி. இணையத்தில் இரண்டும் ஒரே தேடலில் வந்து விழுவதால், முதலில் கண்ணில் பட்ட பொருளையே எழுதிவிடுகிறோம். 'ட்ரீக்' என்றால் இன்றைக்கு மப்பும் மந்தாரமுமான வானிலை. பழைய பாடத்தில் அது நீண்டுகொண்டே போய் அலுப்பூட்டுவது.

தேடிய சொல் அகராதியில் இல்லையென்றால் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல்தான் காரணம். வாய்விட்டுப் படியுங்கள். இன்றைய ஆங்கிலத்தில் டபிள்யூ-ஹெச் வரும் இடத்தில் இங்கே க்யூ-யு-ஹெச் இருக்கும். யு, வி, டபிள்யூ மூன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்று வரும். ரொம்பப் பேரை ஏமாற்றுவது இசட். 'யோக்' என்ற பழைய எழுத்துக்கு அச்சு இல்லாத இடத்தில் இசட்டைப் போட்டார்கள். அதனால் இசட்-இ-ஐ-ஆர் என்று கண்டால் 'இயர்', அதாவது ஆண்டு. மென்ஸீஸ் என்று எழுதும் குடும்பப்பெயரை ஸ்காட்லாந்தில் மிங்கிஸ் என்று சொல்வதும் இதனால்தான்.

விசித்திரமான சொற்களை எப்படியும் அகராதியில் தேடிவிடுவோம். மதிப்பெண் போவது தெரிந்த சொற்களில்தான். நம் 'நாற்றம்' சங்கப் பாட்டில் நறுமணமாக இருப்பது போன்ற சங்கதி இது. ஸ்காட்லாந்தின் சாட்டன் குலக்குழுவின் முழக்கம்: 'டச் நாட் த கேட் பாட் எ க்ளவ்'. இந்த 'பாட்' 'ஆனால்' அல்ல, 'இல்லாமல்': கையுறை இல்லாமல் பூனையைத் தொடாதே. 'ஆர்' பல இடங்களில் 'அல்லது' ஆகாமல் 'முன்னர்' ஆகும். 'டவுட்' இன்றைய பேச்சிலும் தலைகீழ். மழை வருவதை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 'டவுட்' செய்தால், மழை வரும்போலிருக்கிறது என்கிறார். இவற்றைக் குறிப்பேட்டில் தனிச்சொல்லாக எழுதாதீர்கள். கண்ட எழுத்துக்கூட்டல், ஆண்டு, முழு வாக்கியம், பொருள் நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.

சொத்து ஆவணமென்றால் தேதியிலும் கவனம் வேண்டும். 1600-க்கு முன்பு அங்கே புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1585 பிப்ரவரி 10 என்றிருந்தால் நம் கணக்கில் 1586. பெயருக்கு முன்னால் 'அம்க்வைல்' வந்தால் அவர் காலஞ்சென்றவர். உறவுப்பெயர்களில், தாயைக் குறிக்கும் சொல்லோடு 'குட்' ஒட்டினால் மாமியார். தகப்பனைக் குறிக்கும் 'சைர்' என்ற சொல்லோடு அதே 'குட்' ஒட்டினால் தாத்தா. 'நெவோய்' உடன்பிறந்தார் மகனாகவும் இருக்கலாம், பேரனாகவும் இருக்கலாம். தகப்பன் பெயர் வரும் இன்னொரு வரி கிடைக்கும்வரை இரண்டையும் எழுதி, கேள்விக்குறி போட்டு வையுங்கள்.