மையத்தில் உட்கார்ந்திருந்த பதினாறு

இரண்டு முதல் ஏழு வரை பரிமாணங்கள் உள்ள வெளிகளில் அலை எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறேன். நேற்றிரவு ஏழு பரிமாண வெளியில் விட்ட அலைத் துடிப்பு, எண்கள் எல்லை மீறி வெடிக்காமல் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. மூன்று வாரம் என்னை அலைக்கழித்த கோளாறு ஒரே ஒரு வரியில் இருந்தது என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

முதலில் வெளி முழுவதையும் சிறு அறைகளாகப் பிரித்துக் கட்டம் போடத்தான் நினைத்தேன். பக்கத்துக்கு நூறு புள்ளி வைத்தாலே நான்கு பரிமாணத்தில் பத்துக் கோடி அறைகள், அலைப்புலம் ஒன்றுக்கு 80 கோடி பைட். ஐந்துக்குப் போனால் 80 ஜிகாபைட். ஆசையில் பழைய நினைவக அட்டைகள் இரண்டை வாங்கிவிட்டேன். ஒன்று செத்த அட்டை. விற்றவர் இன்றுவரை பதில் போடவில்லை. வாங்கிய பிறகுதான் உறைத்தது: மூலம் ஒரு புள்ளி என்றால் அலை எல்லாத் திசையிலும் ஒன்றுபோலவே பரவும், ஆரம் ஒன்றை வைத்தே கணக்கை முடித்துவிடலாம். 0.01 இடைவெளியில் நாலாயிரம் புள்ளிகள், காலப்படி (ஒவ்வொரு கணக்குக்கும் நேரம் நகரும் அளவு) அதில் பாதி, அலைவேகம் 1. பைத்தான் நிரலில் நாற்பது வரி.

இரண்டு, மூன்று, நான்கு பரிமாணங்கள் சமர்த்தாக ஓடின. ஐந்தில் வெடித்தது. மூவாயிரம் படி முடிவதற்குள் திரை முழுவதும் 'எண் அல்ல' என்பதற்கான அந்த மூன்றெழுத்துக் குறி, NaN. தமிழில் எழுத்துக்கூட்டினால் 'நான்'. நான், நான், நான் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. கணினிக்கு இத்தனை ஆணவம் ஆகாது.

காலப்படியைப் பாதியாக்கினேன், ஐந்து ஓடியது. ஆறும் ஓடியது. அப்பாடா என்று ஏழுக்குப் போனேன், மறுபடியும் வெடிப்பு. அப்போதுதான் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, மையத்தை ஒட்டிய முதல் அறையின் எண்களை மட்டும் ஒவ்வொரு படிக்கும் அச்சிட்டுப் பார்த்தேன். ஐந்து பரிமாணத்தில் அது படிக்குப் படி குறி மாறிக்கொண்டே ஏறத்தாழ 1.28 மடங்கு வளர்ந்தது. கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல். பக்கத்து அறைகளில் இந்த ஆட்டம் மிக மெலிதாகத்தான் தெரிந்தது.

காரணம் இதுதான். வெளியை வெங்காயச் சருகுபோல ஓடுகளாகப் பிரித்து, ஓட்டின் முகப்பு வழியாகப் பாய்வதைக் கன அளவால் வகுக்கிறோம். கன அளவுக்கு நான் குறுக்குவழியில் நடு ஆரத்தின் பரப்பையும் தடிமனையும் பெருக்கிப் போட்டிருந்தேன். தொலைவில் அதனால் ஒன்றும் கெடாது. ஆனால் முதல் ஓடு ஓடே அல்ல, முழு உருண்டை. அதன் முகப்பு ஆரம் நடு ஆரத்தைப்போல் இரு மடங்கு. அதனால் அந்த வகுத்தலில் வரும் பெருக்கெண், அதாவது கெழு, மூன்று பரிமாணத்தில் 3 வர வேண்டியது 4 ஆகிறது. நான்கில் 4-க்குப் பதில் 8. ஐந்தில் 5-க்குப் பதில் 16. ஏழில் 7-க்குப் பதில் 64! மையத்தில் 16 உட்கார்ந்திருந்தால் காலப்படி இடைவெளியில் 0.496 பங்கைத் தாண்டக் கூடாது. நான் வைத்திருந்தது 0.5. ஏழில் வரம்பு 0.2498, வைத்திருந்தது 0.25. இரண்டு முறையும் மயிரிழையில் மாட்டியிருக்கிறேன். ஓட்டின் உண்மையான கன அளவை, அதாவது வெளி உருண்டையிலிருந்து உள் உருண்டையைக் கழித்துப் போட்டதும், பழைய 0.5 படியிலேயே ஏழு ஓடியது.

இனி முடிவுகள். மூன்றில் துடிப்பு வரும், போகும், பிறகு மௌனம். இரண்டில் அலைமுகப்பு கடந்த பின்னும் வால் நீண்டு, நேரத்துக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த ஹைகென்ஸ் சமாச்சாரம்: மூன்று முதலான ஒற்றைப்படைப் பரிமாணங்களில் வால் இருக்காது, இரட்டைப்படையில் இருக்கும். நான்கில்தான் தடுமாறினேன்: வால் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. இதுவும் மையத்தின் வேலைதான் என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் போட்டுப் பார்த்தால், இரண்டு பரிமாணத் தீர்வை ஆரத்தால் வகையிட்டு, ஆரத்தாலும் கழித்தல் இரண்டு பையாலும் வகுத்தால் நான்கின் தீர்வு வந்துவிடுகிறது. வால் எதிர்மறைதான், நேரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் தேய வேண்டியதுதான். கணினியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஐந்தில் வால் கிடையாது. ஆனாலும் அனுப்பியது வந்து சேர்வதில்லை. ஒற்றைக் குன்றாக அனுப்பிய துடிப்பு, தொலைவில் ஒரு மேடும் ஒரு பள்ளமுமாக வருகிறது. மூலத்தின் வகைக்கெழுதான், அதாவது அது மாறும் வீதம்தான், அங்கே போய்ச் சேர்கிறது. வீச்சும் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் விழுகிறது: 10-லிருந்து 20-க்குப் போனால் ஏறத்தாழ கால் பங்கு. மூன்றில் பாதிதான் குறையும், உருவமும் குலையாது. பேச்சும் பாட்டும் கேட்க மூன்று பரிமாண வெளி வாய்த்தது நமக்குக் கிடைத்த பெரிய சலுகை என்றே சொல்வேன்.

இந்த வீச்சுக் கணக்கு வெறும் விளையாட்டு அல்ல. 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலில், சுமார் 13 கோடி ஆண்டு பயணித்து வந்த ஈர்ப்பலைக்கு ஏறத்தாழ 1.7 நொடி பின்னால் காமாக் கதிர் வந்தது. ஈர்ப்பு கூடுதல் பரிமாணத்துக்குள் கசிந்திருந்தால் வீச்சு இன்னும் நலிந்திருக்கும். குறுக்குவழியில் புகுந்திருந்தால் நேரம் பிசகியிருக்கும். இரண்டுக்கும் தடயமில்லை.

அடுத்து நான் போட்டுப் பார்க்கப் போவது, இயற்பியலாளர்கள் கலூசா 1921-இலும் கிளைன் 1926-இலும் சொன்ன கூடுதல் பரிமாணம், சிறு வளையமாகச் சுருண்டது. மூன்று பெரிய பரிமாணங்களோடு சுற்றளவு 1 உள்ள ஒரு வளையம். வளையத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றி வரும் அலைகள் எதிரொலிகளாகப் பின்தொடர வேண்டும். தூரம் 10 என்றால் அலைமுகப்புக்குப் பின் 0.05, 0.198, 0.44 என்ற தாமதங்களில். என் துடிப்பின் அகலம் 0.5, இதில் அவை மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடும். துடிப்பை 0.02-க்கு ஒடுக்கி, இடைவெளியை 0.0025 ஆக்கினால் 4800-க்கு 400 அறைகள், அதாவது 19.2 லட்சம். உயிரோடு இருக்கும் அட்டை தாராளமாகப் போதும்.

அதற்கு முன் வெளிச்சுவரைச் சரிசெய்ய வேண்டும். இப்போதைக்கு அலை சுவரில் முட்டித் திரும்பி வருவதற்குள் நிரலை நிறுத்திவிடுகிறேன். இரண்டு பரிமாணத்தில், அலையைத் திருப்பாமல் விழுங்கும் எளிய உறிஞ்சும் விளிம்பு ஒன்றை வைத்துப் பார்த்தேன். வாலின் கடைசிப் பகுதியைத் தின்றுவிட்டது.