நத்தார் தாத்தாவின் இடக்கைக் கடிதங்கள்

எங்கள் அப்பாவை உங்களில் பலர் கணித மாஸ்டராகத்தான் அறிவீர்கள். விடை சரியாக இருந்தாலும் செய்கை காட்டாவிட்டால் புள்ளி தரமாட்டார். அதே மனிதர் மார்கழி தோறும் நத்தார் (கிறிஸ்மஸ்) தாத்தாவாக வடதுருவத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் எழுதினார் என்பதை இந்த மலரில் பதிய வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பிறகு பொருளாதாரத் தடை. பற்றரி, சவர்க்காரம், மண்ணெண்ணெய், தாள் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பத்திரிகையே கொப்பித் தாளில் அச்சான காலம் அது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், பழைய பரீட்சைத் தாள்களின் வெறும் பக்கத்தில், எழுத்து பிடிபடக் கூடாதென்று இடக்கையால் எழுதுவார் அப்பா. விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பென்சிலால் கலைமான் தலை போட்ட முத்திரை கீறுவார். பாலன் குடிலின் வைக்கோலுக்குள் கடிதம் செருகியிருக்கும்.

அந்த நத்தார் தாத்தா எங்களைவிட வசதியாக இருந்ததேயில்லை. ஹெலிச் சத்தத்துக்குக் கலைமான்கள் மிரண்டதால் அவற்றை வன்னியில் விட்டுவிட்டு, கிளாலிக் கடலேரியில் மோட்டார் வள்ளம் கட்டியிழுத்த வள்ளங்களில் கடைசி வள்ளத்தில் நனைந்துகொண்டு வந்தாராம். மூட்டையிலிருந்த பற்றரிகளை வழியில் பறித்துவிட்டார்களாம். "ஆகையால் இந்த முறை பென்சிலும் பனங்கட்டியும்தான், பிள்ளைகள்." தர முடியாததை அப்பா ஒருநாளும் வாக்களித்ததில்லை. இல்லாமையை ஒளிக்காமலே எங்களைச் சிரிக்க வைத்தார். இதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

லண்டன் வந்த பிறகுதான், ஆங்கில எழுத்தாளர் டோல்கீனும் தன் பிள்ளைகளுக்கு இப்படியே 1920 முதல் 1943 வரை படங்களும் முத்திரைகளும் கீறி எழுதியதை அறிந்தேன். கடைசிக் கடிதங்களில் அங்கேயும் யுத்தத்தால் சாமான் குறைந்துவிடுகிறது. அவை 1976இல் நூலாக வந்துவிட்டன. அப்பாவுக்கு அவரைத் தெரியாது.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டி, மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் பல குடும்பங்களோடு ஒதுங்கினோம். எங்கள் நாய் வீமனை விட்டுவிட்டு வந்திருந்தோம். தம்பி இரவில் அதை நினைத்து அழுவான். அந்த நத்தாருக்கும் கடிதம் வந்தது: "உங்கள் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. வீமன்தான் வாசலில் நின்று, மீசாலைக்குப் போங்கோ என்று வழி சொன்னான். மாமரத்தடியில் படுக்கிறான். மெலியவில்லை." வீமன் உயிரோடு இருந்ததா என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தம்பி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றிரவு அழாமல் தூங்கினான்.

அந்த விறாந்தையிலிருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் அப்பா ஆளுக்கொரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றிலும் அவரவர் விட்டுவந்த ஆடு, கிளி, சைக்கிள் பற்றிய செய்தி இருந்தது. எங்களுடையவை பின்வந்த இடம்பெயர்வுகளில் தொலைந்து போயின. தங்கச்சியிடம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. அன்று மீசாலையில் இருந்த யாரேனும் இதை வாசித்தால், உங்கள் பெட்டிகளை ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் கேத்திரகணித வினாவும் மறுபக்கம் கோணல் எழுத்துமாக ஒரு தாள் கிடைத்தால், படமெடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்பிவையுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு எழுதியது.