எழுதியவரின் குரலிலேயே கேட்க வேண்டிய சில ஆல்பங்கள்

அமெரிக்க, ஆங்கில நாட்டுப்புற இசையிலும், அமெரிக்கக் கிராமப்புறங்களில் வேர்கொண்ட கன்ட்ரி இசையிலும், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடியவர்களின் பொற்காலம் என்று 1960களின் பிற்பகுதியையும் 1970களின் முற்பகுதியையும் சொல்வார்கள். அக்காலத்தில் வெளியான நூற்றுக்கணக்கான ஆல்பங்களில் ஒரு சிறு பகுதிதான் இன்றும் பேசப்படுகிறது. பேசப்படாமல் போனவற்றில் சில, புகழ்பெற்றவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. ஓரிரண்டு அவற்றையும் விஞ்சி நிற்கின்றன என்பது பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதி. அவை விற்காமல் போனதற்கான காரணங்கள் பெரும்பாலும் வணிகத்தில் இருந்தன, இசையில் இல்லை. பிற்காலத்தில் அவற்றைத் தேடி வந்தவர்களோ பாடல்களைவிடப் பாடியவர்களின் துயர வாழ்க்கையையே அதிகம் பேசினார்கள். இந்த இரண்டாவது புறக்கணிப்புதான் என்னை அதிகம் வருத்துகிறது.

திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் இன்னொருவர், பாடுபவர் மூன்றாமவர் என்பது இயல்பான ஏற்பாடு. அதில் குரல் தேர்ச்சிக்கு முதலிடம் உண்டு. மூவரும் ஒருவராகவே இருக்கும் ஆல்பத்தை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. அங்கே மூச்சு எந்த இடத்தில் முடிகிறது, எந்தச் சொல்லைப் பாடகர் சற்றுத் தயங்கிச் சொல்கிறார் என்பதெல்லாம் எழுத்தின் பகுதியே. பாடல் வேறொருவர் குரலில் புகழ்பெறும்போது முதலில் கழன்று விழுவது இதுதான்.

மிக்கி நியூபரியின் 'லுக்ஸ் லைக் ரெயின்' ஆல்பத்திலிருந்து தொடங்குகிறேன். ஹூஸ்டனில் 1940இல் பிறந்த நியூபரி, கன்ட்ரி இசைத் தொழிலின் தலைமையிடமான நாஷ்வில் நகரத்தில் பாடல் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். 1960களின் இறுதியில் பல பெரிய பாடகர்கள் அவருடைய பாடல்களைப் பாடி வெற்றி கண்டார்கள். அவர் தாமே பாடிய முதல் ஆல்பத்தை 1968இல் ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்டது. அதன் பின்னணி இசையும் அலங்காரமும் அவருக்கு அறவே பிடிக்கவில்லை. அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு, நாஷ்வில்லை ஒட்டிய மேடிசன் பகுதியில் வெய்ன் மாஸ் என்ற கிதார் கலைஞர் தம் வீட்டுக் கார் கொட்டகையை மாற்றி அமைத்திருந்த 'சிண்டரெல்லா சவுண்ட்' என்ற சிறு ஸ்டுடியோவுக்குப் போனார். மூன்று மணி நேர அமர்வில் மூன்று நான்கு பாடல்களை முடித்துவிட வேண்டும் என்பது அன்றைய நாஷ்வில் வழக்கம். அந்த அவசரம் எட்டாத இடத்தில் பதிவான இந்த ஆல்பத்தை மெர்குரி நிறுவனம் 1969இல் வெளியிட்டது.

அதில் ஏழு தடங்கள்தான். நைலான் தந்தி கிதாரும், அவசரமே அறியாத அவருடைய குரலும்தான் அடித்தளம். ஒரு பாடல் முடிந்ததும் மௌனம் வருவதில்லை. மழையின் ஓசை வருகிறது. அந்த மழைக்குள்ளிருந்தே அடுத்த பாடலின் கிதார் எழுகிறது. இதை வெறும் ஒலி விளைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரே இரவில், ஒரே அறையில், ஒரே மனிதர் தொடர்ந்து நினைத்துக்கொண்டிருப்பதாக ஏழு பாடல்களையும் கோத்துவிடுவது அந்த மழைதான். வணிகத்தில் ஆல்பத்தைக் கெடுத்ததும் அதே மழைதான் என்று நான் நினைக்கிறேன். வானொலியில் இசைத்தட்டு போடுகிறவருக்கு ஒரு பாடலைத் தனியே எடுத்து ஒலிபரப்ப வேண்டும். இந்த ஆல்பமோ அப்படிப் பிரித்தெடுக்க இடங்கொடுக்கவில்லை. கன்ட்ரி நிலையங்களின் காதுக்கு இது போதிய அளவு கன்ட்ரியாக இல்லை. ராக் இசை கேட்ட இளைஞர்களோ நாஷ்வில் என்ற பெயரைப் பார்த்ததுமே விலகினார்கள்.

இந்த ஆல்பத்தின் உச்சம் 'சான் ஃபிரான்சிஸ்கோ மேபல் ஜாய்' என்ற கதைப்பாடல். ஜார்ஜியா மாநிலத்தின் செம்மண் விவசாயி ஒருவரின் பதினைந்து வயது மகன் வேக்ராஸ் என்ற ஊரில் சரக்கு ரயிலேறி லாஸ் ஏஞ்சலஸ் போகிறான். அங்கே சிவப்பு விளக்கு வீட்டில் வாழும் மேபல் ஜாய் என்ற பெண்ணின்மேல் அன்பு கொள்கிறான். ஒரு ஞாயிறு காலையில் அவள் வாசலில், கப்பல் மாலுமி ஒருவனிடம் குத்து வாங்கித் தரையில் விழுகிறான். அடுத்த வரியிலேயே அவனுக்கு இருபத்தொரு வயது சிறைக்குள் நிறைகிறது. அங்கே நள்ளிரவுச் சரக்கு ரயிலின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு மீண்டும் ஒரு ஞாயிறு காலை, அதே சிவப்பு விளக்கு, அதே வாசல். இந்த முறை அவன் விலாவில் துப்பாக்கிக் குண்டு. சிறையிலிருந்து எப்படித் தப்பினான், யார் சுட்டார்கள் என்று பாடல் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. ஒரே காட்சியை இரண்டு முறை வைத்து, இடையில் நடந்த அனைத்தையும் கேட்பவர் மனத்துக்கே விட்டுவிடுகிறார் நியூபரி. ஜார்ஜியாப் பையன் ஒருவனைத் தேடிக்கொண்டு அவள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்ற செய்தியோடு பாடல் முடிகிறது. அந்த இறுதி வரியை அவர் அழுத்திப் பாடுவதில்லை. யாரோ சொன்ன தகவலைத் திருப்பிச் சொல்வது போலப் பாடுகிறார். ஜோன் பேஸ் உட்படப் பலர் இதைப் பாடியிருக்கிறார்கள். அந்த வரியில் இந்த அடக்கத்தை வேறு எவரிடமும் நான் கேட்டதில்லை.

நியூபரியின் பெயர் தெரியாதவர்கள்கூட அவருடைய 'அன் அமெரிக்கன் ட்ரிலஜி'யை எல்விஸ் பிரெஸ்லியின் மேடைப் பாடலாக அறிந்திருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மூன்று பழம்பாடல்களை ஒன்றாக இணைத்து 1971இல் நியூபரி பதிவுசெய்தது அது. எல்விஸின் குரலில் அது பெரும் முழக்கமாகிறது. நியூபரியிடமோ தாலாட்டும் ஒப்பாரியும் கலந்த ஒன்றாக இருக்கிறது. 2011இல் டிராக் சிட்டி நிறுவனம் அவருடைய மூன்று ஆல்பங்களை ஒரே பெட்டியாக மறுவெளியீடு செய்தபோதுதான் புதிய தலைமுறை ஒன்று அவரைக் கேட்கத் தொடங்கியது. அவர் 2002இலேயே காலமாகியிருந்தார்.

இன்னொரு அமெரிக்கப் பாடகர் வில்லிஸ் ஆலன் ராம்சியின் கதை சுருக்கமானது. ஷெல்டர் நிறுவனம் 1972இல் வெளியிட்ட, அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம்தான் இன்றுவரை அவருடைய ஒரே ஆல்பம். அதிலிருந்த ஒரு சிறு பாடலை 'மஸ்க்ரட் லவ்' என்று பெயர் மாற்றி 'அமெரிக்கா' குழு 1973இலும், 'கேப்டன் அண்ட் டெனில்' இணை 1976இலும் பாடின. இரண்டாவது பதிவு அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. அந்தப் பாடலை மட்டும் கேட்டுவிட்டு ராம்சியை இனிப்பான பாடலாசிரியர் என்று எடைபோடுகிறவர்கள், நாட்டுப்புறப் பாடகர் ஊடி கத்ரியைப் பற்றி அவர் எழுதிய 'பாய் ஃப்ரம் ஓக்லஹோமா'வையோ, கொள்ளைக்காரன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்லும் 'ஸ்பைடர் ஜான்' பாடலையோ கேட்டுப் பார்க்க வேண்டும். இருபத்தொரு வயதில் ஒருவருக்கு இவ்வளவு தளர்வான, நிதானமான தாளக்கட்டு கைவந்தது வியப்பானது.

அமெரிக்கப் பாடகி ஜூடி சில்லைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: இளவயதில் செய்த கொள்ளை, சீர்திருத்தப் பள்ளி, ஹெராயின், 1979இல் முப்பத்தைந்து வயதில் மரணம். அவை அனைத்தும் நடந்தவைதாம். ஆனால் அந்த வரிசையில் அவரை அறிமுகப்படுத்தினால், கேட்பவர் ஆல்பத்தில் துயரத்தையே தேடுவார், கிடைப்பதோ நேர்மாறானது. 1973இல் வெளியான 'ஹார்ட் ஃபுட்' அசாத்தியமான ஒழுங்கும் கணக்கும் கொண்ட இசை. சீர்திருத்தப் பள்ளியில் தேவாலய ஆர்கன் வாசித்துப் பழகிய அவர், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் (Bach) படைப்புகளிலிருந்து குரல்களை அடுக்கும் முறையைக் கற்றார். வாழ்க்கைக் கதையில் எதையாவது கட்டாயம் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தந்தி வாத்தியக் குழுவுக்கான இசைக்குறிப்புகளை இந்த ஆல்பத்துக்கு அவரே எழுதினார். பதிவின்போது குழுவை நடத்தியவரும் அவரே. முதல் பாடலில் கன்ட்ரி சாயல் தெளிவாக இருக்கிறது. குதிரையேறி வரும் மேற்கத்திய வீரனும் கிறிஸ்துவும் ஒரே உருவமாவது அவர் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் படிமம். இரண்டாவதாக வரும் 'த கிஸ்' பியானோவில் மெல்லத் தொடங்குகிறது. அதன் மெட்டு நாம் எதிர்பார்க்கும் சுரத்தில் இறங்காமல் ஒவ்வொரு முறையும் ஒரு படி தள்ளிப்போய் நிற்கிறது. தந்திகள் சேரும்போதுதான் அந்தக் காத்திருப்புக்கு விடை வருகிறது. இறுதியில் எட்டு நிமிடம் நீளும் 'த டோனர்' பாடலில் அவர் தம் ஒரே குரலை மீண்டும் மீண்டும் பதிவுசெய்து அடுக்கி, ஒரு முழுப் பாடகர் குழுவையே எழுப்புகிறார். 'கிரியே எலேய்சன்' ('ஆண்டவரே இரங்கும்') என்ற பழைய கிரேக்க மன்றாட்டு அலையலையாகத் திரும்ப வருகிறது. மத நம்பிக்கை எதுவும் இல்லாத நண்பர்களுக்கும் இதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பாட்டு முடியும்வரை யாரும் பேசியதில்லை.

இது ஏன் விற்கவில்லை? டேவிட் கெஃபனின் அசைலம் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பமே 1971இல் வந்த ஜூடி சில்லின் முதல் ஆல்பம்தான். ஆனால் அதே நிறுவனத்தில் அடுத்தடுத்து ஜாக்சன் பிரவுன், ஈகிள்ஸ், ஜோனி மிட்செல் என்று பெரிய பெயர்கள் வந்து சேர்ந்தன. கவனம் அவர்கள் பக்கம் போனது. ராக் குழுக்களின் கச்சேரிகளில் முதலில் ஏறிப் பாடும் வேலை ஜூடி சில்லுக்கு ஒத்துவரவில்லை. உரத்த இசைக்காகக் காத்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் இத்தகைய இசையை வைப்பது அவருக்கும் கூட்டத்துக்கும் செய்த அநீதி. மூன்றாவது ஆல்பத்துக்காக அவர் பதிவுசெய்தவை அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 2005இல்தான் வெளிவந்தன.

இங்கிலாந்தின் வஷ்டி பன்யனுக்கு இவ்வளவு கொடுமையான முடிவு நேரவில்லை என்பது ஆறுதல். குதிரை பூட்டிய வண்டியில் ஸ்காட்லாந்தின் தீவுகளை நோக்கி நீண்ட பயணம் போனபோது எழுதிய பாடல்களை, ஜோ பாய்டின் தயாரிப்பில் 'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே' என்ற ஆல்பமாக 1970இல் வெளியிட்டார். அது கவனிக்கப்படாமல் போகவே, இசையை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கப் போய்விட்டார். 2000ஆம் ஆண்டில் மறுவெளியீடு வந்தது. 2005இல் அவருடைய இரண்டாவது ஆல்பமும் வந்தது. முதல் ஆல்பத்தில் சில பாடல்கள் குழந்தைப் பாட்டின் அளவுக்கு மெல்லியவை. அவற்றை எல்லோரும் விரும்புவார்கள் என்று சொல்ல மாட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாவது ஆல்பத்தில் அதே மென்குரல் அனுபவத்தின் கனத்தோடு ஒலிக்கிறது. எனக்கு அதுவே மேலானது.

டெக்சஸ் பாடகர் டவுன்ஸ் வான் ஸான்ட்டை முற்றிலும் கவனிக்கப்படாதவர் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'யை வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் 1983இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அவரைக் கேட்க வேண்டிய இடம் 'லைவ் அட் தி ஓல்ட் குவார்ட்டர்'. 1973 ஜூலையில், ஹூஸ்டனின் கோடை வெப்பத்தில், ஒரு சிறு மதுக்கூடத்தில் பதிவான இது, 1977இல்தான் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. ஒரு கிதார், ஒரு குரல், கண்ணாடிக் குவளைகளின் ஓசை, பாடல்களுக்கிடையே அவர் சொல்லும் நகைச்சுவைத் துணுக்குகள். அவ்வளவே. அவருடைய ஸ்டுடியோப் பதிவுகள் பலவற்றில் தந்தி வாத்தியங்களும் கூட்டுக்குரல்களும் பாடலை மூடிவிட்டன என்பதை உணர, இதை ஒருமுறை கேட்டால் போதும்.

அதற்கு 'டெகும்சே வேலி' பாடலே தெளிவான சான்று. சுரங்கத் தொழிலாளியின் மகளான கரோலைன் வேலை தேடி மலையிறங்கி வருகிறாள். மதுக்கூடத்தில் வேலை செய்து காசு சேர்க்கிறாள். வீட்டுக்குத் திரும்பும் முன் தந்தை இறந்துபோகிறார். அதன்பின் அவள் தெருவில் உடலை விற்கத் தொடங்கியதாகச் சொல்லும் ஒரு வரி உண்டு. 1968இல் வெளியான அவருடைய முதல் ஆல்பத்தில் அந்த வரி பூசி மெழுகப்பட்டது. அவள் எங்கோ நடந்து போனதாக மட்டும் வருகிறது. 1969இல் வெளியான 'அவர் மதர் தி மவுண்டன்' ஆல்பத்தில் அதே பாடலை மீண்டும் பதிவுசெய்து, அவர் நேரடியான சொல்லைத் திரும்ப வைத்தார். ஹூஸ்டன் மதுக்கூடத்தில் பாடியதும் அந்த நேரடிச் சொல்லோடுதான். முதல் ஆல்பத்தின் பதிவை முதலில் கேட்டுவிட்டு, உடனே மதுக்கூடப் பதிவைக் கேளுங்கள். கரோலைன் எந்த நிலைக்குத் தள்ளப்பட்டாள் என்பது முதல் பதிவில் நமக்குப் புரிவதே இல்லை.