கல்லில் வெட்டிய பிறகு தெரிந்த தப்பு: மாடி சூரிய கடிகாரம்

மூன்று மணிக்கு மேல் ஒரு கோடும் சரியில்லை. பென்சிலில் போட்ட கோடாக இருந்தால் அழித்திருப்பேன். கடப்பாக் கல்லில் உளி போட்டு வெட்டியாயிற்று.

சோதித்தது சித்திரை 2ஆம் தேதி, ஒத்தக்கடை வீட்டு மொட்டைமாடியில். தேதியைப் பொறுக்கித்தான் எடுத்தேன். ஏப்ரல் 15 வாக்கில் கடிகாரத்தைவிடச் சூரியன் முந்துவதும் பிந்துவதும் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். தீர்க்கரேகைக் கழிவு ஒன்றுதான் மிச்சம். மதுரை 78.12, இந்திய நேரம் 82.5, டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் பதினேழரை நிமிடம். அதைக் கழித்துப் பார்த்தால் உச்சியில் கச்சிதம். 1 மணியும் சரி. 2 மணிக்கு இரண்டு நிமிடம் முந்தியது போலிருந்தது. நிழல் ஓரம் மங்கலாக விழுவதால் அதை நம்ப முடியாது. 3 மணிக்கு ஐந்து நிமிடம். 4 மணிக்குப் பத்து. காலைக் குறிப்பைப் புரட்டினால் 8 மணிக்கும் அதே பத்து நிமிடம், ஆனால் பிந்தல்.

முதலில் வடக்கைச் சந்தேகப்பட்டேன். ஸ்தபதிகள் திசை பார்க்கிற மாதிரி குச்சி நட்டு, வட்டம் போட்டு, காலை நிழலும் மாலை நிழலும் வட்டத்தைத் தொடும் இடங்களை வைத்து எடுத்த வடக்கு. அது தப்பென்றால் உச்சியே ஒத்து வந்திருக்காது. அடுத்து நிழல் விழுத்துகிற முக்கோணப் பித்தளைத் தகடு. 30 செ.மீ.க்கு 5.25 உயரம் கேட்டேன், பட்டறையில் 5.2 வெட்டிக் கொடுத்தார்கள். நேர்மாறு டேன் போட்டால் சாய்வு 9.83 டிகிரி, வேண்டியது மதுரையின் அட்சரேகை 9.92. இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஓடாது.

மிச்சம் இருந்தது கணக்கு. அட்சரேகையின் சைன் 0.1723, அதை மணிக்கோணத்தின் (உச்சியிலிருந்து மணிக்கு 15 டிகிரி) டேனால் பெருக்கி, நேர்மாறு டேன். சைனையும் தகட்டு உயரத்தையும் போனில் போட்டேன், மணிக்கோடுகளை அக்கா மகளின் கால்குலேட்டரில். 1 மணியிலிருந்து 5 மணி வரை நோட்டில் இருந்தது 2.63, 5.57, 9.30, 14.82, 25.10. எல்லாம் வரிசையாக ஏறுகிறது, மைனஸ் இல்லை, பார்த்தால் டிகிரி மாதிரியே இருக்கிறது. ரேடியனாக (கோணத்துக்கு இன்னொரு அளவு) இருந்தால் 15க்கு டேன் போட்டதுமே மைனஸ் வந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

ராத்திரி பத்து மணிக்குச் சும்மா 1க்கு நேர்மாறு டேன் அமுக்கினேன். 45 வரவில்லை. 50 வந்தது.

திரையின் மேலே பொடியாக ஒரு ஜி. கிரேடியன்! செங்கோணத்தை 90க்குப் பதில் 100 ஆகப் பிரிக்கிற அளவு. என் வாழ்நாளில் யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அந்தக் கால்குலேட்டரில் 3 அமுக்கினால் டிகிரி, 5 அமுக்கினால் இந்தச் சனியன்.

எரிச்சல் என்னவென்றால், சின்னக் கோணத்தில் இது மாட்டவே மாட்டாது. உள்ளே போகும்போது டேன் பண்ணுகிற தப்பை, வெளியே வரும்போது நேர்மாறு டேன் நேர் செய்துவிடுகிறது. 1 மணிக்குச் சரியான விடை 2.64, எனக்குக் கிடைத்தது 2.63. கோணம் பெரிதாகப் பெரிதாகத்தான் குட்டு உடைகிறது: 4 மணிக்கு 16.62 வேண்டும், 5 மணிக்கு 32.74. 6 மணிக் கோடு உச்சிக் கோட்டுக்குச் செங்குத்து என்று தெரியும், அதனால் கணக்கே போடவில்லை. போட்டிருந்தால் 90க்கு டேன் எரர் காட்டாமல் 6.31 என்று வந்திருக்கும், அங்கேயே பிடித்திருப்பேன். தெரியும் என்ற மிதப்பு.

அம்மி கொத்துகிற அண்ணனிடம் போனேன்.

"ஏந்தம்பி, நோட்டுல அழிச்சு எழுதுற மாதிரி நெனச்சுட்டியா?"

"இல்லண்ணே, திருப்பிப் போட்டுக் கொத்திரலாம்ணே."

பின்பக்கம் பாலிஷ் கிடையாது, தேய்க்கணும். வெட்டியது ஒரு சமையல்மேடை மிச்சத் துண்டு. கிரானைட் கடையில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினேன். கீழவளவு கருங்கல் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் துண்டுக்கு அவர்கள் சொல்லும் விலைக்கு வாட்ச்சே வாங்கிவிடலாம்.

இந்த முறை பாகைமானி வேண்டாம். 2.64ஐ அதில் குறிக்க எவனாலும் முடியாது. வடக்குக் கோட்டில் 300 மி.மீ. அளந்து, அங்கிருந்து செங்குத்தாக 13.8, 29.8, 51.7, 89.5, 193 மி.மீ. தள்ளிப் புள்ளி வைத்து இழுத்துவிடலாம். டிகிரி விடையை ஒத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதுவும் ஸ்ப்ரெட்ஷீட்டில். அங்கே எல்லாம் ரேடியன்தான், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மாற்றணும்.

இதற்கிடையில் தெற்குப் பார்த்த காம்பவுண்டு சுவர் வேறு கண்ணை உறுத்துகிறது. செங்குத்துக் கடிகாரத்துக்கு சைனுக்குப் பதில் கொசைன், நம் ஊருக்கு 0.985. 1 மணிக் கோடே 14.8 டிகிரிக்குப் போய்விடும், இந்த நெரிசலே இருக்காது. என்ன, புரட்டாசியிலிருந்து பங்குனி வரைதான் முழுநாளும் வெயில் விழும். சுண்ணாம்பு அடிக்கிறவரிடம் நேற்றே பேசிவிட்டேன். கல் இன்னும் மாடியில் கவிழ்ந்து கிடக்கிறது.